ரேண்டி பாக்மனின் கிட்டாரை எங்கே, எப்படிக் கேட்பது

கேள்வி இது: "'அமெரிக்கன் வுமன்', 'டேக்கின் கேர் ஆஃப் பிசினஸ்' ரெண்டு பாட்டும் தெரியும். ஆனா ரேண்டி பாக்மனை, உரிய மதிப்பு கிடைக்காத கிட்டார் கலைஞர்னு சிலர் சொல்றாங்களே, ஏன்? அவர் வாசிப்புல அப்படி என்ன இருக்கு? அந்த இழுத்து ஒலிக்கிற சத்தம் எப்படி வந்தது?"

முதலில் ஒன்றைப் பிரித்துவிடலாம். பாடல் எழுதுபவர் என்ற வகையில் பாக்மனுக்கு மதிப்பு குறையவில்லை. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் இரண்டு வெவ்வேறு குழுக்களோடு முதலிடம் பிடித்தவர்: 1970 மே மாதம் 'கெஸ் ஹூ' குழுவோடு, 1974 நவம்பரில் 'பாக்மன் டர்னர் ஓவர்டிரைவ்' (சுருக்கமாக பி.டி.ஓ.) குழுவோடு. கனடாவின் பாடலாசிரியர் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார், 'ஆர்டர் ஆஃப் கனடா' விருதும் வந்திருக்கிறது. கணக்கில் விடுபட்டது அவருடைய கிட்டார்தான். அவர் தன் சரக்கையெல்லாம் சோலோவில் (கிட்டார் மட்டும் முன்னால் வந்து தனியாக வாசிக்கும் பகுதி) வைக்கவில்லை, கார்டுகளில் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது) வைத்தார். கேட்கிறவர்கள் சோலோவைத்தான் எண்ணுவார்கள். அதோடு அவருடைய பெரிய பாட்டுகளெல்லாம் விளம்பரத்திலும் விளையாட்டு மைதானத்திலும் ஓயாமல் ஒலித்து, காது அவற்றைக் கவனிப்பதையே விட்டுவிட்டது.

அவர் கை எப்படி உருவானது என்று தெரிந்தால் மீதி எளிது. 1943 செப்டம்பர் 27 அன்று மானிடோபா மாகாணத்தின் வினிபெக் நகரில் பிறந்தார். சின்ன வயதில் கற்றது வயலின். நோட்டேஷன் பார்த்து வாசிப்பதைவிட, கேட்டதை அப்படியே திருப்பி வாசிப்பதில்தான் கெட்டிக்காரர். கிட்டாருக்கு மாறிய பிறகு அவருக்குக் கிடைத்த ஆள் லென்னி ப்ரோ. கன்ட்ரி இசைத் தம்பதியான ஹால் ப்ரோ, பெட்டி கோடி ஆகியோரின் மகன் அவர். பாக்மனைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். குடும்பம் 1957இல் வினிபெக்கிற்குக் குடிவந்தது. அந்த வயதிலேயே அமெரிக்கக் கிட்டார் கலைஞர்களான மெர்ல் டிராவிஸ், செட் அட்கின்ஸ் பாணியை முழுதாக வசப்படுத்தியிருந்தார் ப்ரோ. பிற்காலத்தில் ஜாஸ் கிட்டார் உலகமே அண்ணாந்து பார்த்த கை அது. முறையான வகுப்பு எதுவும் நடக்கவில்லை. ப்ரோ மெதுவாக வாசித்துக் காட்ட, பாக்மன் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்.

டிராவிஸ் பாணியில் வலதுகைக் கட்டைவிரல் கீழ்த்தந்திகளில் (தாழ்ந்த ஒலி தரும் தடித்த தந்திகள்; மிகத் தடித்தது 6ஆம் தந்தி) தாளத்தைப் பிடிக்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல்தந்திகளில் மெட்டைப் பிடிக்கும். ஒரே ஆள் பேஸும் (தாழ்ந்த ஒலிப் பகுதி) மெட்டும் சேர்த்து வாசிப்பதுபோல் இருக்கும். ஈ கார்டைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை 6, 4, 5, 4 என்ற தந்தி வரிசையில் ஓட விடுங்கள். உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜின் மேல் லேசாகப் படிந்து கீழ்த்தந்திகளை மட்டும் அமுக்க வேண்டும். கற்பவர்கள் எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் இடறும்: மேலே மெட்டு வந்தவுடன் கட்டைவிரல் அதன் பின்னால் போய்விடும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 60இல் வைத்து, மெட்டே இல்லாமல் கட்டைவிரலை மட்டும் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு, பிறகு ஒரே ஒரு மேல்தந்தி ஸ்வரத்தைச் சேர்த்தால் சரியாகும். இதை இவ்வளவு சொல்லக் காரணம், பாக்மன் பின்னால் எவ்வளவு கனமான ராக் வாசித்தாலும் இந்தக் கட்டைவிரல் கணக்கு கை விட்டுப் போகவில்லை. அவருடைய ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் மெட்டுகள்) உருளுவதுபோல் இருப்பது இதனால்தான் என்பது என் எண்ணம்.

கெஸ் ஹூ குழுவின் பெயரே ஒரு வியாபாரத் தந்திரத்தில் வந்தது. சாட் அலன் தலைமையில் இருந்த குழு 1965இல் 'ஷேக்கின் ஆல் ஓவர்' பாட்டை வெளியிட்டபோது, குவாலிட்டி ரெக்கார்ட்ஸ் நிறுவனம் இசைத்தட்டில் குழுவின் பெயரைப் போடாமல் 'யாரென்று கண்டுபிடியுங்கள்' என்ற பொருளில் 'கெஸ் ஹூ?' என்று அச்சிட்டு அனுப்பியது. பிரிட்டிஷ் குழு என்று ஜனம் நினைத்துக்கொள்ளட்டும் என்பது திட்டம். கனடாவில் முதலிடம், அமெரிக்காவில் 22ஆம் இடம். பெயர் ஒட்டிக்கொண்டது. 1966இல் பர்ட்டன் கம்மிங்ஸ் கீபோர்டோடும் அந்தக் குரலோடும் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து கேட்பவர் கவனம் முழுக்க அந்தக் குரலுக்குப் போனது. பாக்மன் பின்னுக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். கம்மிங்ஸைக் குறை சொல்ல முடியாது, அப்படியொரு குரல்.

தயாரிப்பாளர் ஜாக் ரிச்சர்ட்சன் தன் வீட்டை அடமானம் வைத்து எடுத்த 'வீட்ஃபீல்ட் சோல்' ஆல்பத்தின் 'தீஸ் ஐஸ்' 1969இல் அமெரிக்காவில் 6ஆம் இடத்துக்கு வந்தது. பாக்மன் ஒரு பியானோவில் தேடிப் பிடித்த இரண்டு கார்டுகள்தான் இதன் அஸ்திவாரம்: டி மைனர் 7, சி மேஜர் 7. அவை மாறி மாறி வரும். சாதாரண சி மேஜரும் டி மைனரும் போட்டு வாசித்துப் பாருங்கள், பாட்டு சப்பென்று ஆகிவிடும். ஏழாம் ஸ்வரம் சேர்ந்தால்தான் அந்த ஏக்கம் வருகிறது. 1968இல் ஒரு ராக் குழு பதின்வயதினர் ரேடியோவுக்காக இப்படிக் கார்டு போட்டது ப்ரோவின் கொடை.

அடுத்த ஆல்பமான 'கேன்ட் வீட்'டில் இருக்கும் 'அன்டன்' பாட்டைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். பாக்மன் தனியாக எழுதியது. 'லாஃபிங்' தட்டின் பின்பக்கமாக வந்து, பின்பக்கமே தனியாக ஏறி 22ஆம் இடம் வரை போனது. பிரேசில் இசை வகையான போஸா நோவாவை ஒட்டிய நடை, முழுக்க ஜாஸ் கார்டுகள், நடுவில் கம்மிங்ஸின் புல்லாங்குழல். இதன் ஒலிப்பதிவில் ஒரு குறும்பும் உண்டு. ஆர்.சி.ஏ. நிறுவனம் தன் சொந்த ஸ்டுடியோவில்தான் பதிவு செய்ய வேண்டும் என்று வற்புறுத்தியது. அங்கே கிடைத்த ஒலி குழுவுக்கும் ரிச்சர்ட்சனுக்கும் பிடிக்கவில்லை. 'லாஃபிங்', 'அன்டன்' இரண்டையும் மட்டும் நியூயார்க்கின் ஏ அண்ட் ஆர் ஸ்டுடியோவில் சத்தமில்லாமல் பதிவு செய்து கொடுத்துவிட்டார்கள். அந்த ஆல்பத்தை ஹெட்போனில் கேட்டால், இந்த இரண்டு பாட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகவும் திறந்தும் ஒலிப்பது தெரியும்.

'அன்டன்' வாசிக்க முயல்கிறவர்கள் பாரே கார்டு (ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் குறுக்கே அழுத்துவது) போட்டு ஆறு தந்தியையும் அடிப்பார்கள். கஞ்சிபோல் குழைந்துவிடும். இந்த வகைப் பாட்டுக்கு நான்கு தந்திக் கார்டுகள் வேண்டும்: 6, 4, 3, 2 தந்திகள் மட்டும், 5ஐயும் 1ஐயும் விரல் ஓரத்தால் அடக்கிவிட வேண்டும். உதாரணத்துக்கு ஜி மேஜர் 7 என்றால் ஆறாம் தந்தி 3ஆம் ஃப்ரெட், நான்காம் தந்தி 4, மூன்றாம் தந்தி 4, இரண்டாம் தந்தி 3. ஏ மைனர் 7 என்றால் அதே நான்கு தந்திகளிலும் 5ஆம் ஃப்ரெட். பிளெக்ட்ரம் (தந்தி மீட்டும் சில்லு) இல்லாமல் கட்டைவிரலும் மூன்று விரலுமாகக் கிள்ளி, உடனே இடதுகையைத் தளர்த்தி ஒலியைத் துண்டித்தால் பேஸ் வாசிக்கும் ஜிம் கேலுக்கு இடம் கிடைக்கும். ஆம்பில் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி) டிரெபிளைக் குறைத்து நெக் பிக்கப்பில் (கிட்டாரின் கழுத்துப் பக்கம் ஒலியை வாங்கும் காந்தம்) வாசிக்கவும்.

இனி அந்த நீண்ட சத்தம்.

பாக்மனுக்கு வயலின்போல், செலோபோல் தேயாமல் நிற்கும் கிட்டார் ஒலி வேண்டியிருந்தது. அப்போது கடையில் கிடைத்த, ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல்கள் வண்டுபோல் இரையும். அது அவருக்கு ஒத்துவரவில்லை. ஒரு சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் வெளியீட்டை இன்னொரு ஆம்பின் உள்ளீட்டில் செருகிப் பார்த்தார். சத்தம் வந்தது, கூடவே ஆம்பும் போனது. வினிபெக்கில் கார்னெட் ஆம்ப்களைச் செய்துவந்த கார் கில்லீஸ், அதே வேலையைப் பாதுகாப்பாகச் செய்யும் ஒரு பெட்டியைக் கட்டிக் கொடுத்தார். அதுதான் 'ஹெர்சாக்'. 'நோ டைம்', 'அமெரிக்கன் வுமன்' இரண்டிலும் கேட்கும் ஒலி இதனுடையது.

உள்ளே இருப்பது ஒரு 12ஏஎக்ஸ்7 டியூப் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய வெற்றிடக் குழாய்), ஒரு 6வி6 டியூப். அதாவது ஏறத்தாழ 5 வாட் தரும் ஒரு குட்டி ஆம்ப், முழு ஆம்ப். ஆனால் ஸ்பீக்கர் கிடையாது. ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மின்தடை அந்தச் சக்தியைச் சூடாக்கித் தீர்க்கிறது. அதிலிருந்து ஒரு துளி சிக்னலை மட்டும் எடுத்துப் பெரிய ஆம்புக்கு அனுப்புகிறது. ஃபஸ் பெடலில் டிரான்சிஸ்டர் அலையின் தலையை வெட்டுகிறது. இங்கே பவர் டியூபும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து அமுக்குகின்றன. பலமாக மீட்டிய தொடக்கம் அமுங்கி, தேய்ந்துபோகும் வால் மேலே ஏறுவதால் ஸ்வரம் ஒரே அளவில் நிற்பதாகக் காதுக்குப் படுகிறது. ஒரே ஒரு பவர் டியூப் என்பதால் அலையின் இரு பக்கமும் ஒரே மாதிரி வெட்டுப்படாது. அந்தச் சமமின்மைதான் அந்த இளஞ்சூடான குரலுக்குக் காரணம்.

வீட்டில் இதைச் செய்து பார்க்க விரும்பினால், டியூப் ஆம்பைத் திறந்து எதையும் தொட வேண்டாம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும். வெளியிலிருந்தே செய்யலாம். ஒற்றை 6வி6 உள்ள 5 வாட் ஆம்ப் ஒன்று, ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம், 25 வாட் தாங்கும் மின்தடை ஒன்று. மின்தடையை ஓர் அலுமினியத் தகட்டில் பொருத்த வேண்டும், நன்றாகச் சுடும். ஆம்பின் வெளியீடு 8 ஓமுக்கானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முழுச் சத்தத்தில் அந்த மின்தடையின் குறுக்கே 6 வோல்ட்டுக்குச் சற்று மேல் இருக்கும். அதை அப்படியே இன்னொரு ஆம்பில் செருகினால் பாக்மனுக்கு முதலில் நேர்ந்ததுதான் நேரும். எனவே 10 கிலோ ஓம் ஒன்றைத் தொடரிலும் 470 ஓம் ஒன்றைக் கிரவுண்டுக்கும் போட்டால், கால் வோல்ட் அளவுக்கு இறங்கி, கிட்டார் சிக்னல் அளவுக்கு வந்துவிடும். அதைக் கரகரப்பில்லாத பெரிய ஆம்பில் கொடுக்கலாம். இந்த வேலையே வேண்டாம் என்றால், லைன் அவுட் உள்ள லோடு பாக்ஸ் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.

தவறு நடக்கும் இடங்கள் நான்கு. மின்தடை கழன்றுவிட்ட நிலையில் டியூப் ஆம்பை வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். இணைப்பைச் சரிபார்க்காமல் சுவிட்சைப் போடக்கூடாது. இரண்டு ஆம்புகளின் எர்த்தும் சிக்னல் கேபிள் வழியாகவும் சேர்வதால் 'உம்ம்' என்று இரைச்சல் வரலாம். அதற்காக எர்த் பின்னை உடைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தற்கொலை. சிக்னல் வழியில் ஓர் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும். மூன்றாவது, சின்ன ஆம்பில் பேஸை ஏற்றி வைப்பது. கீழ் ஸ்வரங்கள் பொத்பொத்தென்று உடையும். சின்ன ஆம்புக்கு முன்னால் பேஸைக் குறைத்து, பெரிய ஆம்பில் திரும்ப ஏற்ற வேண்டும். நான்காவது, டிரான்சிஸ்டர் ஆம்பை வைத்து இதை முயல்வது. ஒலி வராது என்பதோடு, சிலவற்றின் ஸ்பீக்கர் வெளியீட்டில் எந்தக் கம்பியையும் கிரவுண்டில் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் ஆம்ப் போய்விடும்.

கிட்டார் பக்கம் அமைப்பு எளிது. அந்தக் காலத்தில் பாக்மன் வாசித்தது 1959ஆம் ஆண்டு கிப்சன் லெஸ் பால். நெக் பிக்கப், வால்யூம் முழுதாக, டோன் 10இல் 3 அல்லது 4. அதைவிட முக்கியம் இடதுகை. வயலின்காரர் ஸ்வரத்தைப் பிடித்த உடனே ஆட்டமாட்டார். நிற்க விட்டு, பிறகு மெதுவாக ஆட்டுவார். 'அமெரிக்கன் வுமன்' சோலோவில் ஒவ்வொரு நீண்ட ஸ்வரத்தையும் அப்படியே கேட்கலாம். அங்கே வேகம் என்று எதுவும் இல்லை. எண்ணி வைத்ததுபோல் சில ஸ்வரங்கள், அவ்வளவுதான். பெடல் வாங்கி எல்லாவற்றையும் சரியாக அமைத்தவர்கள்கூட இதில் தோற்பது, ஸ்வரத்தைத் தொட்ட மறுகணமே நடுக்கம் கொடுப்பதால்தான்.

அந்தப் பாட்டு பிறந்தது ஒன்டாரியோ மாகாணத்தில், பனித்தரை விளையாட்டான கர்லிங்குக்கான ஓர் அரங்கில் நடந்த நிகழ்ச்சியில். வாசிக்கும்போது பாக்மனின் தந்தி அறுந்தது. குழு இடைவேளை எடுத்துக்கொண்டது. அவர் மேடையிலேயே புதுத் தந்தி மாட்டி, மின் பியானோவிலிருந்து சுருதி எடுத்துச் சேர்க்கும்போது கையில் ஒரு ரிஃப் வந்தது. அது மறந்துவிடக்கூடாதே என்று நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கம்மிங்ஸ் வாய்க்கு வந்ததைப் பாடினார். கூட்டத்தில் ஒரு பையன் கேசட்டில் பதிவு செய்துகொண்டிருந்தது குழுவின் அதிர்ஷ்டம். ரிஃப் அவ்வளவு எளிமையாகவும் திரும்பத் திரும்பவும் வருவதற்கான காரணமும் இதிலேயே இருக்கிறது.

இதை ஆல்பம் வடிவில்தான் கேட்க வேண்டும். ரேடியோவுக்கான தட்டில் ரிஃப்போடு நேராகத் தொடங்கும். ஆல்பத்தில் அதற்கு முன்னால் ஒரு நிமிடத்துக்கு மேல் அக்கூஸ்டிக் கிட்டாரில் ப்ளூஸ் வருகிறது. வினிபெக்கில் கற்ற கட்டைவிரல் அங்கே வெளிப்படையாகக் கேட்கும். அதை வெட்டிவிட்டுத்தான் உலகம் முழுக்கப் பாட்டு போனது. பாக்மன் கதை மொத்தத்துக்கும் இது பொருந்தும். அதே ஆல்பத்தில் 'நோ சுகர் டுநைட்', 'நியூ மதர் நேச்சர்' இரண்டும் ஒட்டி வரும். முதலாவது பாக்மனுடையது, இரண்டாவது கம்மிங்ஸுடையது. கடைசியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாடப்படும். 'நோ டைம்' இரண்டு வடிவத்தில் இருக்கிறது: 'கேன்ட் வீட்'டில் நீளமானது, 'அமெரிக்கன் வுமன்' ஆல்பத்தில் இறுக்கமாக மறுபதிவு செய்தது. ஹெர்சாக் ஒலியைக் கேட்க இரண்டாவது.

'அமெரிக்கன் வுமன்' பாட்டு மூன்று வாரம் முதலிடத்தில் இருந்த 1970 மே மாதத்திலேயே பாக்மன் குழுவைவிட்டு விலகினார். பித்தப்பைக் கோளாறு ஒரு பக்கம். மார்மன் மதத்தைத் தழுவி மதுவும் போதையும் தொடாத அவருக்கும் குழுவின் வாழ்க்கை முறைக்கும் ஒத்துப்போகாதது இன்னொரு பக்கம். உச்சத்தில் விலகியவரை ராக் பத்திரிகைகள் சீக்கிரம் மறந்துவிடும், அதுவும் குடிக்காதவராக இருந்தால். அதே ஆண்டு 'ஆக்ஸ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். முழுக்க வாத்திய இசை. இன்னொரு கனடியக் கிட்டார் கலைஞரான டொமெனிக் ட்ரோயானோ அதில் கூட வாசித்தார். ஒழுங்கற்ற ஆல்பம்தான், ஆனால் எந்தப் பாட்டின் பின்னாலும் ஒளியாமல் அவர் கை தெரிவது இதில்தான்.

அடுத்து பாக்மன் தொடங்கியது பிரேவ் பெல்ட் என்று ஒரு குழு, இரண்டு ஆல்பம், விற்பனை இல்லை. அதுவே ஃப்ரெட் டர்னரின் கரடுமுரடான குரலோடும் தம்பி ராபியின் டிரம்ஸோடும் பி.டி.ஓ. ஆனது. 'ஓவர்டிரைவ்' என்பது லாரி ஓட்டுநர்களுக்கான ஒரு பத்திரிகையின் பெயர். இருபதுக்கும் மேற்பட்ட நிராகரிப்புகளுக்குப் பிறகு மெர்குரி நிறுவனம் எடுத்துக்கொண்டது. 1973இல் முதல் ஆல்பம், 1974இல் 'நாட் ஃப்ராஜைல்' அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம்.

விமர்சகர்கள் இந்தக் குழுவை லாரிக்கார இசை என்று ஒதுக்கினார்கள். 'டேக்கின் கேர் ஆஃப் பிசினஸ்' பாட்டை வைத்துத்தான் அந்த முத்திரை. அதையே எடுத்துப் பார்ப்போம். மூன்று கார்டு: சி, பி ஃப்ளாட், எஃப், திரும்ப சி. பாட்டு முழுக்க அதுதான். நம் கணக்கில் பார்த்தால் இந்த மூன்று கார்டின் ஸ்வரங்களும் சேர்ந்து ஹரிகாம்போதியின் ஏழு ஸ்வரத்துக்குள் அடங்கும். பி ஃப்ளாட் கைசிகி நிஷாதம். மேஜர் ஸ்கேலின் காகலி நிஷாதம் வந்தால் பாட்டு பள்ளிப் பிரார்த்தனையாகிவிடும். சியை ஆறாம் தந்தியில் வேர் வைத்து 8ஆம் ஃப்ரெட்டில் பாரே, பி ஃப்ளாட்டை அதே வடிவில் 6ஆம் ஃப்ரெட்டில், எஃப்பை ஐந்தாம் தந்தியில் வேர் வைத்து 8ஆம் ஃப்ரெட்டில். கை இரண்டு ஃப்ரெட்டுக்கு மேல் நகர வேண்டியதே இல்லை.

எளிதுதானே என்று வாசிப்பவர்களிடம் இது பெரும்பாலும் சோர்ந்து ஒலிக்கும். டிஸ்டார்ஷன் அதிகம் என்பது முதல் காரணம். பதிவில் கிட்டார் அவ்வளவு கரகரப்பாக இல்லை. கார்டில் உள்ள மூன்றாம் ஸ்வரம் தெளிவாகக் கேட்கிறது. கெயினை (கரகரப்பின் அளவை) ஏற்றினால் மூன்றாம் ஸ்வரம் மற்றதோடு மோதி அழுக்காகும், உடனே அதைக் கைவிட்டு, அந்த ஸ்வரம் இல்லாத பவர் கார்டுக்கு மாறுவார்கள், பாட்டின் சிரிப்பு போய்விடும். ஒரே கிட்டாரில் எல்லாவற்றையும் வாசிக்கப் பார்ப்பது இரண்டாவது. இரண்டு கிட்டார் வேண்டும், ஒன்று கீழே, ஒன்று மேலே வேறு வடிவத்தில், ஆளுக்குப் பாதி கெயின். மேலே பியானோ வேறு இருக்கிறது. அதை சியாட்டிலின் கே-ஸ்மித் ஸ்டுடியோவில் வாசித்தவர் நார்மன் டர்க்கீ. பீட்சா கொண்டுவந்த பையன் வாசித்தது என்று ஒரு கதை உலவுகிறது. கதை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். டர்க்கீ தொழில்முறைக் கலைஞர், அதே கட்டடத்தில் வேறு வேலையாக வந்திருந்தவர்.

இந்தப் பாட்டு கெஸ் ஹூ காலத்திலேயே 'ஒயிட் காலர் வொர்க்கர்' என்ற பெயரில் வேறு உருவத்தில் இருந்தது. அப்போது யாருக்கும் பிடிக்கவில்லை. பிறகு வான்கூவர் ரேடியோ அறிவிப்பாளர் ஒருவர் சொன்ன வாசகம் பாக்மன் காதில் விழுந்து, அதையே பல்லவியாக வைத்து மூன்று கார்டுக்குச் சுருக்கினார். அமெரிக்காவில் 12ஆம் இடம் வரைதான் போனது. ஆனால் இன்றைக்கும் அதிகம் ஒலிப்பது இதுதான்.

'யூ எயின்ட் சீன் நத்திங் யெட்' பாட்டு முதலிடம் பிடித்தது 1974 நவம்பரில். அதில் திக்கிப் பாடுவது, திக்குவாய் இருந்த தன் சகோதரர் கேரியைச் சீண்டுவதற்காகச் செய்தது. வெளியிடும் எண்ணமே இல்லாமல் பாடி வைத்த ஒன்று. திக்கலை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் வரிகளுக்கு அடியில் ஓடும் தாளக் கிட்டாரைக் கேட்டுப் பாருங்கள்: மேல்தந்திகளில், அக்கூஸ்டிக் போல மினுங்கும் வாசிப்பு. பல்லவியில்தான் கனம் இறங்குகிறது. 'லெட் இட் ரைட்' பாட்டிலும் இதே அமைப்பு. அமைதியான கார்டும் முரட்டு ரிஃப்பும் மாறி மாறி வருவதால்தான் ரிஃப் பெரிதாகக் கேட்கிறது. லாரிக்காரக் குழு என்றவர்கள் இந்தப் பாதியைக் காதில் வாங்கவில்லை.

பி.டி.ஓ.வுக்குள்ளேயே ப்ரோவின் மாணவர் ஒளிந்திருக்கும் இடம் இரண்டு. முதல் ஆல்பத்தில் டர்னர் எழுதிய 'ப்ளூ காலர்': தாழ்ந்த குரல், உருண்டையான ஒலியில் பாக்மனின் கிட்டார், நள்ளிரவு ஜாஸ் கிளப் போல. இரண்டாவது 1975இல் வந்த 'ஹெட் ஆன்' ஆல்பத்தில் 'லுக்கிங் அவுட் ஃபார் நம்பர் ஒன்'. இதை எழுதியவரும் பாடியவரும் பாக்மன்தான். 'அன்டன்' கேட்ட அடுத்த நிமிடம் இதைப் போட்டால் நடுவில் ஆறு வருடம் போனதே தெரியாது. 1977இல் பி.டி.ஓ.வையும் விட்டு விலகினார். அதற்குப் பிறகு எண்பதுகளின் பாதி வரை வந்தவற்றில் தேடிப்போய்க் கேட்க வேண்டியது அதிகமில்லை.

பின்னாளில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: 1992இன் 'எனி ரோட்', அதில் வினிபெக்கைப் பற்றிய 'ப்ரேரி டவுன்' பாட்டில் கனடியப் பாடகர் நீல் யங் சேர்ந்துகொள்கிறார், 2004இன் 'ஜாஸ் திங்', 2015இல் கெவின் ஷர்லி தயாரித்த 'ஹெவி ப்ளூஸ்'. கடைசியாகச் சொன்னதில் பேஸ் அன்னா ரடிக், டிரம்ஸ் டேல் ஆன் பிரெண்டன். மூன்று பேர் மட்டும் என்பதால் எழுபது கடந்த அவருடைய வலதுகை மறைய இடமில்லை. விருந்தினர்களாக வரும் பீட்டர் ஃப்ராம்ப்டன், ஜோ பொனமாசா போன்றோர் சோலோ வாசித்துவிட்டுப் போகிறார்கள், பாக்மன் வழக்கம்போல் அடியில் தாளம் பிடிக்கிறார்.

கிட்டார் விஷயத்தில் அவருடைய பெயர் பத்திரிகைகளில் அதிகம் அடிபட்டது ஒரு திருட்டினால். இளம் வயதில் சேர்த்த பணத்தில் வாங்கிய 1957ஆம் ஆண்டு ஆரஞ்சு நிற கிரெட்ச் 6120, 1976இல் டொரோன்டோவில் ஓர் ஓட்டல் அறையிலிருந்து காணாமல் போனது. அதைத் தேடும் ஏக்கத்திலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட கிரெட்ச் கிட்டார்களைச் சேர்த்துவிட்டார். 2020இல் ஒரு ரசிகர், முகம் அறியும் மென்பொருளைக் கிட்டார் படங்களுக்குப் பொருத்தி, மர ரேகையையும் ஒரு சின்ன முடிச்சையும் வைத்து அது ஜப்பானில் ஓர் இசைக்கலைஞரிடம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதேபோல் 1957இல் செய்த இன்னொரு 6120ஐக் கொடுத்து, 2022 ஜூலை 1, கனடா தினத்தன்று, டோக்கியோவில் உள்ள கனடியத் தூதரகத்தில் மாற்றிக்கொண்டார்கள்.

லென்னி ப்ரோ 1984 ஆகஸ்ட் 12 அன்று லாஸ் ஏஞ்சலஸில் கொலையுண்டார். வழக்கு இன்றுவரை துலங்கவில்லை. அவர் வாசித்த பழைய ஒலிநாடாக்களை வெளியிடுவதற்கென்றே பாக்மன் 'கிட்டாரைவ்ஸ்' என்று ஒரு நிறுவனம் தொடங்கினார். அதில் வந்த 'பாய் வொண்டர்' ப்ரோவின் பதின்வயதுப் பதிவுகள். கேட்கும் வரிசை கேட்டால் இதையே முதலில் வைப்பேன், பிறகு 'அன்டன்', பிறகு 'அமெரிக்கன் வுமன்' ஆல்பம் வடிவம், பிறகு 'லுக்கிங் அவுட் ஃபார் நம்பர் ஒன்'. 'டேக்கின் கேர் ஆஃப் பிசினஸ்' ஐந்தாவதாக வரட்டும். அதை ஹெட்போனில் கேளுங்கள், பாட்டை விட்டுவிட்டு அடியில் ஓடும் தாளக் கிட்டாரை மட்டும்.